ஐந்து வயதுப் பையன் தானாக வைத்த வேண்டுதல் கணக்கில் சேருமா?

காத்ர் போர்ன் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான், பின்னால் இருக்கும் கதை கொஞ்சம் நீளம்.

மகனுக்கு ஐந்து வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. இந்த ஜனவரியில்தான் முதல் வகுப்பில் சேர்ந்தான். நான் மயிலாடுதுறைப் பக்கத்துப் பெண். வீட்டுக்காரர் இங்கே மொரிஷியஸிலேயே பிறந்து வளர்ந்தவர். கொள்ளுத்தாத்தாவுக்கும் முந்தைய காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த குடும்பம். அவர் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர்ப் பேச்சுமொழி. மாமியார் சண்டை போடுவது கிரியோலில், சாமி கும்பிடுவது தமிழில். பையன் எந்த மொழியில் காரியம் நடக்குமோ அந்த மொழியில் பேசுவான். அவன் சொன்னதாகக் கீழே நான் எழுதுவதில் பாதி கிரியோலில் சொன்னது, நான் தமிழாக்கியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் ஒரு கிரியோல் இனத்துப் பாட்டி தனியாக இருக்கிறார். கத்தோலிக்கர். பையனுக்கு அவர்தான் 'கிராங்மேர்', சொந்தப் பாட்டியைவிட ஒரு படி மேல். போன வருஷம் அவருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் இவன் சாப்பாட்டைக்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அவர் கைத்தடியோடு நடந்து வீட்டுக்கு வந்த அன்றைக்குச் சாயங்காலம், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து சொல்கிறான்: "அம்மா, நான் இப்போ காவடி எடுக்கணும்."

ஏன்டா என்றால், "முருகன்கிட்ட சொல்லிட்டேன். கிராங்மேர் நடந்துட்டா காவடி எடுக்கிறேன்னு. அவங்க நடந்துட்டாங்க."

சத்தியமாக யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. போன தைப்பூசத்தில் ரோஸ் நிற வேட்டியும் பச்சை ஓலைக் காவடியுமாகக் கூட்டம் எங்கள் தெரு வழியே மலைக் கோவிலுக்குப் போனதை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தான். வழியில் நான் எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் யார் யார் எதற்காக எடுக்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்ததைக் காதில் வாங்கியிருக்கிறான் போல. அவ்வளவுதான் முன்னனுபவம்.

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "போன மாசம் காய்கறிக்காரம்மாவைக் கல்யாணம் பண்ணிக்கிறேன்னு வாக்குக் கொடுத்தான், அதையும் நடத்தி வைக்கலாமா?" என்கிறார். மாமியார் சிரிக்கவில்லை. "கேட்டான், கிடைச்சது. இனிமே சின்னப் பிள்ளை, பெரிய பிள்ளைன்னு பேச்சு கிடையாது." நான் நடுவில்.

பையனைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் சங்கடம் புரியும். (பெருமையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

அவனுக்கு முருகன் பயபக்தியோடு கும்பிடும் சாமி கிடையாது. வீட்டில் இன்னொரு ஆள். இரவு விளக்கை அணைத்த பிறகு அவன் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினால், படுக்கையிலிருந்தே "பா ஃபேர் தபாஸ் (சத்தம் போடாதே)! முருகன் தூங்குறார்!" என்று அதட்டல் வரும். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது சாமி அலமாரிக்கு முன்னால் நின்று அன்றைய டைம்டேபிளை ஒப்பிப்பான். தமிழ் வகுப்பு இருக்கும் நாளில் மட்டும் "இன்னிக்கு உங்க பாஷை" என்று சேர்த்துக்கொள்வான்.

கதை சொன்னால் கேள்வி கேட்காமல் விடமாட்டான். சீர்காழி எங்கள் ஊருக்குப் பக்கம் என்பதால் சம்பந்தர் கதையை ஆசையாகச் சொன்னேன். மூன்று வயதுக் குழந்தை, அப்பா குளத்தில் இறங்கிக் குளிக்கிறார், கரையில் குழந்தை அழுகிறது, அம்பாள் வந்து பால் கொடுக்கிறாள். நான் உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இவன் முகத்தில் கோபம். "தண்ணிகிட்ட குழந்தையைத் தனியா விடலாமா? அவங்க அப்பாவை யாரும் திட்டலையா?" ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரையில் நாங்கள் தினம் பாடும் பாட்டு அது. அம்பாள் வந்ததே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால்தான் என்பது அவன் முடிவு. யோசித்துப் பார்த்தால் தப்பு என்று சொல்ல முடியவில்லை.

காவடி ஏன் எடுக்கிறோம் என்று இடும்பன் கதையைச் சொன்னேன். அகத்தியர் சொன்னபடி சிவகிரி, சக்திகிரி என்று இரண்டு மலைகளைக் கம்பில் கட்டித் தோளில் சுமந்து வருகிறான். பழனி அருகே இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்கினால் அசையவில்லை. மேலே ஒரு சிறுவன் நின்று இது என் மலை என்கிறான். சண்டை, இடும்பன் விழுந்து இறக்கிறான், மனைவி இடும்பி கெஞ்சுகிறாள், முருகன் உயிர் கொடுத்துக் காவல்காரனாக வைத்துக்கொள்கிறார். எல்லாம் கேட்டுவிட்டு நேரே அலமாரிக்குப் போனான். "ரெண்டு மலை தூக்கிட்டு வந்தவருக்கு முதல்ல தண்ணி கொடுத்திருக்கணும்" என்று முருகனைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தான். கோபம் அன்று ராத்திரி வரை இருந்தது. உயிர் கொடுத்ததால் மன்னித்துவிட்டதாக மறுநாள் அறிவிப்பு.

அப்புறம் பேர் லவால். செப்டம்பரில் கிராங்மேர் தன் மகள் குடும்பத்தோடு சேன்த் க்ருவா யாத்திரைக்குப் போனார். எங்களையும் கூப்பிட்டார். வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பேர் (ஃபாதர்) லவால் 1864இல் இறந்த பிரெஞ்சுப் பாதிரியார். செப்டம்பர் 8 இரவு தீவு முழுக்க இந்து, முஸ்லிம், சீனர் என்று பார்க்காமல் அவர் சமாதிக்கு நடந்து போவார்கள். பாதிரியார் ஆவதற்கு முன்னால் அவர் டாக்டர். அந்த ஒரு தகவல் இவனைப் பிடித்துக்கொண்டது. கிராங்மேர் கொடுத்த படத்தைக் கொண்டுவந்து முருகனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். "முட்டிக்கு டாக்டர் வேணும். முருகன் டாக்டர் இல்லையே."

எனக்கு ஊர்ப்பாசம் விடுமா? "டேய், எங்க ஊர் பக்கத்துல வைத்தீஸ்வரன் கோயில்னு இருக்கு, அங்கே முருகனோட அப்பாதான் டாக்டர்" என்றேன். அப்படியா என்று யோசித்தான். "சரி. அப்போ பேர் லவாலும் முருகனோட அப்பாவும் பேசிக்கட்டும். நான் முருகன்கிட்டதான் சொல்லுவேன், அவர்தான் சின்னப் பையன், நான் சொன்னா புரியும்." மாமியார் இதைக் கேட்டுவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பேர் லவால் படம் அங்கேயேதான் இருக்கிறது, வெள்ளிக்கிழமை அவருக்கும் பூ உண்டு.

பணத்தாளில் தமிழ் படிக்கத் தெரிந்ததும் இன்னொரு கூத்து. சீனிவாசன் படம் போட்ட நூறு ரூபாயை எடுத்து "நூறு ரூபாய்" என்று எழுத்துக்கூட்டினான். "இதுல தமிழ் இருக்கு, இது முருகனோடது" என்று சொல்லி அப்பா பர்ஸிலிருந்து கோவில் உண்டியலுக்குப் போய்விட்டது. நல்லவேளை, சேர் சிவசாகர் ராம்கூலம் படம் போட்ட இரண்டாயிரத்தை அவன் பார்க்கவில்லை, அதிலும் தமிழ் உண்டே.

சரி, கேள்விக்கு வருகிறேன். இவன் 'சொன்னா செய்யணும்' கட்சி. கடனாக வாங்கிய பென்சிலைத் திருப்பிக் கொடுக்கும்வரை தூங்காத பிள்ளை. இப்போது நாங்கள் "நீ சின்னப் பையன், முருகன் கோவிச்சுக்க மாட்டார்" என்று முடித்துவிட்டால், சொன்ன வார்த்தைக்கு மதிப்பில்லை என்று நாங்களே கற்றுக்கொடுத்ததாக ஆகாதா? எடுக்கவிட்டால் அந்த வெயிலில், அந்தப் படிகளில், இந்தப் பிஞ்சுக் கால்களோடா? பத்து நாள் காரெம் (விரதம்) வேறு. கருவாட்டு ரூகாய் (தக்காளிக் குழம்பு) இல்லாத வாரத்தை அவன் பார்த்ததே இல்லை. "மீன் வேண்டாம், மூணு நாள்ல பழகிடும்" என்று எனக்குத் தைரியம் சொல்கிறான்.

ஒன்று மட்டும் அவனே விட்டுக்கொடுத்தான். நாக்கில் வேல் குத்தியிருப்பவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று கேட்டான். பேசக்கூடாது, அதுதான் விரதம் என்றேன். "அது எனக்கு வேண்டாம்" என்று உடனே சொல்லிவிட்டான்.

சின்னப் பிள்ளைகள் எடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கொடியேற்றத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன.


மோக்கா வாத்தியார் எழுதியது:

அம்மா, வணக்கம். ஆரம்பப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பையனைப் போன்ற ஒருவன் வகுப்பில் இருந்தால் அந்த வருஷம் ஆசிரியருக்கு அலுப்பே இராது. பாடம் ஓடாது, அது வேறு.

நேரடி பதில்: காவடி என்றால் தோளில் சுமக்கும் பெரிய ஓலைக் காவடி மட்டும் இல்லை. பால்செம்பு எடுத்து வருவதும் அதே நேர்த்தி. நம் ஊரில் எந்தக் கோவில் ஊர்வலத்தைப் பார்த்தாலும் அம்மா பக்கத்தில் சின்னச் செம்போடு நடக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். ஆகவே முடியுமா என்ற கேள்வியே தேவையில்லை. எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி. கோவில் குருக்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். பையனையும் கூட்டிக்கொண்டு போய், அவனை வைத்துக்கொண்டே பேசுங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகள் தங்கள் விஷயத்தைப் பெரியவர்கள் தனியாகப் பேசி முடித்தால் ஏற்க மாட்டார்கள்.

சம்பந்தர் கதைக்கு அவன் சொன்ன விமர்சனத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் சிரித்தேன். அவனுக்கு நம்பியாண்டார் நம்பி கதை தெரியுமா? திருநாரையூரில் கோவில் பூசை செய்யும் அப்பா ஊருக்குப் போய்விட, சிறுவன் நம்பி நைவேத்தியம் கொண்டுபோய்ப் பொல்லாப் பிள்ளையார் முன்னால் வைக்கிறான். பிள்ளையார் சாப்பிடவில்லை. சாமி தினமும் சாப்பிடுகிறார் என்றே அந்தப் பிள்ளை நினைத்திருந்தான். தன்மேல் ஏதோ தப்பு என்று அழுது தலையை மோதிக்கொள்ளப் போக, பிள்ளையார் தடுத்துச் சாப்பிட்டாராம். பிற்காலத்தில் திருமுறைகளைத் தொகுத்தவர் என்று நாம் கொண்டாடுவது அந்தப் பிள்ளையைத்தான். தலையை மோதிக்கொள்ளும் இடத்தை மட்டும் உங்கள் பையனுக்குச் சற்று மெதுவாகச் சொல்லுங்கள். பிள்ளையாரைத் திட்டிவிடுவான் என்று தோன்றுகிறது.

பணத்தாள் பற்றி ஒரு வார்த்தை, வாத்தியார் புத்தி போகாது. 1998இல் வந்த புதிய தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். தமிழர்கள் பெரும் எதிர்ப்புக் காட்டினார்கள், அரசு தாள்களையே திரும்பப் பெற்றது. இன்று அவன் எழுத்துக்கூட்டும் அந்த வரி இருக்கும் இடத்துக்காகப் பெரியவர்கள் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். கொஞ்சம் பெரியவனானதும் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் "முருகன்கிட்ட பேசு, பேசு" என்று அவனை நிறுத்திக் காட்டாதீர்கள். இப்போது அவன் முருகனோடு பேசுகிறான். காட்ட ஆரம்பித்தால் விருந்தாளிகளோடு பேச ஆரம்பித்துவிடுவான்.


சந்தேகராமன் எழுதியது:

எல்லோரும் ரசித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பையன் தங்கம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் முட்டியைச் சரிசெய்தது டாக்டர், நர்ஸ், பிசியோதெரபி. இந்த நாட்டில் அரசு ஆஸ்பத்திரி வைத்தியம் இலவசம், அது வரி கட்டுகிறவர்கள் கொடுத்தது. ஐந்து வயதில் "நான் இதைச் செய்கிறேன், நீ அதைச் செய்" என்று சாமியோடு பேரம் பேசக் கற்றுக்கொண்டால், நாளைக்கு அந்தப் பாட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளை என்ன நினைப்பான்? தான் ஒழுங்காகக் காவடி எடுக்கவில்லை என்று நினைத்தால்? அந்தப் பாரத்தை இந்த வயதில் ஏற்றாதீர்கள். கணவர் சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது, காய்கறிக்காரம்மா கல்யாணம் உட்பட.


காத்ர் போர்ன் மருமகள் எழுதியது:

வாத்தியார் ஐயா, விருந்தாளி விஷயம் சுருக்கென்று பட்டது. மாமியாரிடம் இன்றே படித்துக் காட்டப்போகிறேன், எனக்கும் சேர்த்துத்தான்.

சந்தேகராமன் சார், நீங்கள் கேட்டது எனக்குள்ளும் இருக்கும் பயம். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆபரேஷன் செய்த டாக்டருக்கு இவன் ஒரு படம் வரைந்து கிராங்மேர் கையில் கொடுத்து அனுப்பினான். படத்தில் டாக்டருக்குப் பக்கத்தில் மயில் நிற்கிறது. யார் எதைச் செய்தார்கள் என்பதில் அவனுக்குக் குழப்பம் இல்லை, எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும் என்று நினைக்கிறான். பேரமா, நன்றியா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பாட்டிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அந்த நாள் வரும். அதற்கு என்ன சொல்வது என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.


டர்பன் ஆயா எழுதியது:

மகளே, நான் தமிழ் எழுதக் கற்றது கோவில் பள்ளிக்கூடத்துச் சாயங்கால வகுப்பில். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நாங்கள் இங்கே தென்னாப்பிரிக்காவில் கேட்டோ மேனரில் இருந்தோம், அப்புறம் எங்களை எல்லாம் கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் வைத்தார்கள். வீடு போனது, காவடி போகவில்லை. இங்கே தைப்பூசத்துக்கும் எடுக்கிறோம், சித்ரா பருவத்துக்கும் எடுக்கிறோம். உன் ஊர் வைத்தியநாதர் எங்கள் உம்கேனி ரோடு கோவிலிலும் இருக்கிறார், பையனிடம் சொல்லு. டாக்டர் கடல் தாண்டியும் வந்திருக்கிறார் என்று தெரிந்தால் சந்தோஷப்படுவான்.

என் தம்பி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இதே மாதிரி ஒரு வேண்டுதல் வைத்தான். அப்பாவுக்கு வேலை போய்விட்டது, வேலை கிடைத்தால் காவடி எடுக்கிறேன் என்று. கிடைத்தது. எங்கள் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "முருகன் வட்டிக்காரன் இல்லை. நீ சொன்னதை மறக்காதே, அவர் அவசரப்படுத்த மாட்டார்." வருஷா வருஷம் தம்பி கோவிலில் தண்ணீர் ஊற்றும் வேலை செய்தான், நடந்து வருகிறவர்களின் காலுக்கு. மீசை முளைத்த பிறகு பெரிய காவடியே எடுத்தான். வேண்டுதல் கெடவும் இல்லை, பிள்ளையும் வாடவில்லை.

அதனால் இந்த வருஷமே முடிக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் உன் பையன் சொன்னதைப் படித்தால் அவன் காத்திருக்கிற ஜாதி இல்லை என்று தெரிகிறது. அப்படி என்றால் சின்னதாக எடுக்கட்டும். உன் வீட்டுக்காரர் சிரிக்கிறார் என்றால் அவரையும் விரதம் இருக்கச் சொல்லு. பிள்ளை மீனை விடும்போது அப்பன் எதிரே உட்கார்ந்து மீன் சாப்பிட்டால் நன்றாகவா இருக்கும்?

சந்தேகராமன் தம்பி, நீ கேட்டது நல்ல கேள்விதான். ஆனால் பிள்ளைகளுக்குச் சாவு தெரியாது என்று நினைக்காதே. இடும்பன் செத்ததற்குச் சாமியையே கண்டித்த பிள்ளை அவன்.


வக்வா நர்ஸ் எழுதியது:

பக்தி விஷயத்தைப் பெரியவர்கள் பேசிவிட்டார்கள். நான் கால், வெயில், பால் பற்றி மட்டும்.

கால்: தார்ச்சாலை ஒன்பது மணிக்கு மேல் பெரியவர்களுக்கே சுடும். குழந்தையின் தோல் மெல்லியது, சீக்கிரம் கொப்புளம் வரும். தெருவில் தண்ணீர் ஊற்றுவார்கள், ஆனால் எல்லா இடத்திலும் இராது. முழு வழியும் நடக்க வேண்டாம். கடைசிப் பகுதியை மட்டும் நடக்கவிடுங்கள், அதுவும் காலையில் சீக்கிரம் கிளம்பும் கூட்டத்தோடு. அப்பா பக்கத்திலேயே இருக்கட்டும், சோர்ந்தால் செம்போடு சேர்த்துத் தூக்கிக்கொள்ளலாம். தூக்கினால் அது கணக்கில் வராது என்று பையன் வாதாடுவான், உங்கள் பதிவைப் படித்ததில் எனக்கு அது உறுதி. ஆகவே தூக்கிக்கொள்வதும் ஒப்பந்தத்தில் உண்டு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

காரெம்: கறி, மீன், முட்டை இல்லாமல் பத்து நாள் இருப்பதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. பருப்பு, ஃபராத்தா, பழம், தயிர், பால் எல்லாம் கொடுங்கள். ஆனால் பட்டினி கூடாது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், காவடி அன்று காலையிலும் ஏதாவது சாப்பிட வேண்டும், போகும் வழியெல்லாம் தண்ணீர் குடிக்க வேண்டும். பெரியவர்கள் ஒன்றும் சாப்பிடாமல் போகிறார்களே என்று கேட்டால், நர்ஸ் சொன்னார் என்று என்மேல் போடுங்கள்.

பால்: இதுதான் முக்கியம், யாரும் சொல்லவில்லை. இங்கே எல்லோரும் பால் திரியாமல் வந்ததா என்று பார்ப்பார்கள். திரியாவிட்டால் விரதம் சுத்தம் என்பது நம்பிக்கை. நம் ஜனவரிச் சூட்டில், ஈரப்பதத்தில், கையில் பிடித்த சின்னச் செம்பில் பால் எப்படியும் இருக்கலாம். திரிந்துவிட்டால் இந்தப் பிள்ளை தன்மேல் போட்டுக்கொள்வான். சந்தேகராமன் சார் சொன்ன பாரம் அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன், பாட்டியிடம் இல்லை. செம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். பாலைக் காய்ச்சி முழுக்க ஆறவைத்துக் கடைசி நேரத்தில் ஊற்றுங்கள். யாராவது மேலே நின்று "காட்டு, காட்டு" என்று செம்புக்குள் எட்டிப் பார்த்தால் விடாதீர்கள். அபிஷேகத்துக்கு நேராகக் கொடுத்துவிடட்டும்.

இன்னொன்று: இது புயல் காலம். மூன்றாம் எண் எச்சரிக்கை வந்தால் அன்றைக்கு முருகனும் வீட்டில்தான் இருப்பார் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.


காத்ர் போர்ன் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாமியாரும் நானும் பையனைக் கூட்டிக்கொண்டு மலைக் கோவிலுக்குப் போய்க் குருக்களைப் பார்த்துவிட்டு வந்தோம். வாத்தியார் ஐயா சொன்னபடி அவனை முன்னால் நிறுத்திவிட்டு நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

குருக்கள் கேட்டார்: "முருகன்கிட்ட எந்தக் காவடின்னு சொன்னே?"

யோசித்தான். "காவடின்னுதான் சொன்னேன். எதுன்னு சொல்லலை."

"அப்போ பால்செம்பு எடுத்தா போதும்."

"அது காவடின்னு முருகனுக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரியும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவங்களுக்கும் தெரியும்."

அந்தப் பதில் அவனுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் கிளம்பும்போது சன்னிதிக்கு முன்னால் நின்று "பால்செம்பு, ஓகேவா?" என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டான். கடைசிப் படிகள் மட்டும் நடக்க வேண்டும், அப்பா தூக்கினாலும் கணக்கில் சேரும், சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று மூன்று ஒப்பந்தமும் வரும் வழியிலேயே பேசி முடிந்தது. நர்ஸ் அக்கா பெயரை இரண்டு முறை உபயோகித்தேன். பால் திரிந்தால் என்ன செய்வது என்றும் கேட்டேன். "முருகனுக்குத் தயிர் பிடிக்காதா?" என்றான். நான் அதற்குமேல் பேசவில்லை.

டர்பன் ஆயா, உங்கள் யோசனை வேலை செய்தது. அப்பாவும் காரெம் இருக்கப்போகிறார். நான் சொல்லி இல்லை, பையன் ஒரு வார்த்தை சொன்னான்: "நீங்க மீன் சாப்பிடுங்க, நான் பார்க்க மாட்டேன்." மனுஷன் அப்படியே உருகிவிட்டார்.

கிராங்மேர் எங்களோடு அடிவாரம் வரை காரில் வந்து உட்கார்ந்திருக்கப் போகிறாராம். யாருக்காக எடுக்கிறானோ அவர் பார்க்க வேண்டாமா என்று அவரே கேட்டார். ரோஸ் நிறத்தில் தன்னிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கவுன் இருக்கிறது, போட்டால் தப்பில்லையே என்றும் கேட்டார். மாமியார் சொந்த மருமகளுக்குக் காட்டாத ஆர்வத்தோடு அதற்குப் பொருத்தமாகச் சால்வை தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்போது ஒரே ஒரு உதவி. மாமியாரிடம் இருக்கும் பித்தளைச் செம்பு இரண்டு லிட்டர் பிடிக்கும், காலியாகவே அவனால் தூக்க முடியவில்லை. அரை லிட்டர் அளவில், கழுத்து குறுகலாக, வாய் கட்ட வசதியாக ஒரு செம்பு போர்ட் லூயிஸில் எந்தப் பக்கம் கிடைக்கும்? சனிக்கிழமை போகிறோம், கடை இருக்கும் தெருவின் பெயர் தெரிந்தால் போதும்.